சைக்கிள் ஷெட் டூட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலும் அதையேதான் சொல்கிறார்கள், நான் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபத்தை வைத்து உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை நான். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்க பள்ளிக்கு ஒரு ஆசிரியை வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தபோது, ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். நான் பார்க்க மறந்துவிட்டேன். என்னையே பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பாடம் எடுத்த பெண் டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். நீங்கள் வைத்தியம் பார்க்க வேண்டாம், காது கொடுத்துக் கேளுங்கள், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் பார்க்காதீர்கள், சொல்ல வேண்டியவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்றார். இது என்னால் முடியும் என்று தைரியமாகத் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால், தலைமை ஆசிரியை தன் அறைக்குப் பக்கத்து அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறார். வாசலில் ஓவிய டீச்சர் சிவப்புப் பெயின்டில் 'மனநல ஆலோசனை அறை' என்று ஆனை அளவு எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார். மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் படிக்கலாம். போதாததற்கு மறுநாள் பிரேயரில் தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்தார்.

"பிள்ளைகளே, மனநலம் பாதிக்கப்பட்ட மாணவிகள் எல்லாரும் மதியம் சாப்பாட்டு பெல் அடிச்சதும் வரிசையா அந்த ரூமுக்குப் போங்க. தள்ளுமுள்ளு கூடாது."

சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளங்கால் வரை கொதித்தது. பிரேயர் முடிந்ததும் நேராகப் போய் நின்றேன்.

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லிட்டீங்க?"

"ஏன், நல்லதுதான சொன்னேன்? குடற்புழு மாத்திரைக்கும் இப்படித்தான் சொன்னேன். ஒருத்தி விடாம வந்து வாங்கித் தின்னுட்டுப் போனாளுவ" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட எண்ணம் துளிகூட இல்லாத மனுஷி. தடுப்பூசி, கண் பரிசோதனை, பூச்சி மாத்திரை எல்லாவற்றுக்கும் வரிசை விட்டே பழகிய கை. துக்கத்துக்கும் வரிசை விட்டுவிட்டார்.

எங்கள் பக்கம் பைத்தியத்துக்குக் கோட்டி என்று பேர். அன்று சாயங்காலத்துக்குள் அது 'கோட்டி ரூம்' ஆகிவிட்டது. மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பேன். ஈ காக்கை வராது. தண்ணீர்க் குழாய்க்குப் போகிற பிள்ளைகள் அந்த வாசலைத் தவிர்த்து மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும் ஒரு நாள் உள்ளே வந்தாள். ஆகா என்று நிமிர்ந்தேன். "டீச்சர், டஸ்டர் இருக்கா?" என்றாள்.

தினமும் தலைமை ஆசிரியையிடம் சண்டை. போர்டைக் கழற்றுங்கள் என்பேன். பெயின்ட் காயவே இல்லை, அதற்குள்ளா என்பார். கடைசியில் என் வாயை அடைக்கவோ என்னவோ, சாயங்கால சைக்கிள் ஷெட் டூட்டியை என் தலையில் கட்டினார். வெளியே இருந்து பையன்கள் சுவரேறி வந்து டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்களாம். "நீங்கதான் நல்லா சத்தம் போடுவீங்க" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள், எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம். அடையாளத்துக்கு ஒருத்தி ரிப்பன் கட்டியிருப்பாள், ஒருத்தி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள். தகரக் கூரை, சாரல் நாளில் பேச்சே கேட்காது. முதல் வாரமே ஒருத்திக்குச் செயின் கழன்றுவிட்டது. புடவையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தேன். புளியங்குடியில் நான் படிக்கிற காலத்தில் எனக்கு வாய்த்த சைக்கிள், எலுமிச்சை லாரி பக்கத்தில் போனாலே செயினைக் கழற்றிப் போட்டுவிடும். அப்போது பழகிய கை.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். நான் குனிந்து செயினைப் பார்க்கிறேன், அவளும் செயினைப் பார்க்கிறாள். யார் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை தானாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். கணக்கு டீச்சரைக் கண்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். அடுத்தவள், டியூஷன் போகிற சந்தில் ஒருவன் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே பின்னால் வருகிறான் என்றாள். அந்த நாயை மறுநாள் அதே சந்தில் வைத்து நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே எழுந்து வந்தது, மகளிர் போலீஸும் வந்தது. அதற்குப் பிறகு ஷெட்டில் எனக்கு ஓய்வே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை, பெல் அடிக்கவில்லை, செயின் கழன்றுவிட்டது என்று ஒவ்வொருத்தியாக வருவாள். நான் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். சிவப்புப் போர்டு அறையில் பல்லி குடும்பம் நடத்தியது.

அப்படி வந்தவள்தான் இவள். பிளஸ் டூ, என் வகுப்பு. மேலகரத்தில் இருந்து வருகிறவள். ஹேண்டில்பாரில் பச்சை உல்லன் நூல் சுற்றியிருப்பாள். அப்பா போலீஸ்காரர், சித்தப்பா ராணுவம், மாமா மறுபடி போலீஸ். போன வருடம் வரை முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டே சாகடித்தவள், இந்த வருடம் கடைசி பெஞ்சில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், செயின் கழண்டுட்டு."

மாட்டிக் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். மறுநாளும் செயின் கழன்றது. அதற்கடுத்த நாளும்.

"ஏட்டி, ரோட்டுல ஓட்டுதியா, மலைமேல ஓட்டுதியா?" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் விரலைப் பார்த்தேன். நான் இன்னும் செயினைத் தொடவே இல்லை, அவள் விரல் நுனியெல்லாம் கரிய கிரீஸ். கழன்றுவிடவில்லை, இவள் கழற்றியிருக்கிறாள். தினமும் கழற்றிவிட்டு, தினமும் பேச வாய் வராமல் திரும்பிப் போயிருக்கிறாள்.

அதைக் கேட்டுவிடாமல் இருக்கிற அளவுக்கு அன்றைக்கு எனக்குப் புத்தி இருந்தது. மாட்டுகிற செயினை வேண்டுமென்றே நழுவவிட்டேன். மறுபடி மாட்டினேன். மறுபடி நழுவவிட்டேன். மற்ற பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள்.

"டீச்சர், எனக்குத் தூக்கமே வரமாட்டேங்கு" என்றாள்.

"ம்."

"சோறு மண்ணு மாதிரி இருக்கு. காலையில எந்திரிக்கவே பிடிக்கல. எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு."

"வீட்ல ஏதும் சண்டையா? யாரும் தொந்தரவு பண்ணுதானா?"

"காரணம் கேக்காதீங்க டீச்சர். காரணம் இருந்தா நானே சரி பண்ணியிருப்பேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. இந்த இடத்தில் நேராகக் கேட்க வேண்டும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று நம் ஆட்கள் பயப்படுவார்கள். வராது, கேட்டால்தான் பாரம் இறங்கும் என்றார். கேட்டேன்.

"செத்துப்போயிரலாம்னு தோணுதாம்மா?"

அவள் பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டாள்.

"முன்ன அப்பப்ப தோணும். இப்ப தெனமும் தோணுது டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்ட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பண்ண மாட்டேன்" என்றேன். "நீ வேற என்ன சொன்னாலும் எங்கூடயே கெடக்கும். இதைச் சொல்லுவேன். உங்கம்மாட்ட சொல்லுவேன், டாக்டர்ட்ட சொல்லுவேன். உனக்கு எம்மேல கோவம் வரும். வரட்டும். உசிரோட இருந்து எங்கிட்ட கோவப்படு."

அழுதாள். அழட்டும் என்று விட்டேன். கடைசியில், "அம்மாட்ட மட்டும். அப்பாட்ட வேண்டாம்" என்றாள். அவள் முன்னாலேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளைத் தனியாக அனுப்பவில்லை. அம்மா ஆட்டோவில் வந்து இறங்குகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பச்சை நூல் சைக்கிள் அன்றைக்கு ஷெட்டிலேயே நின்றது.

பள்ளிக்குப் பொறுப்பானவர் என்பதால் தலைமை ஆசிரியையிடமும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர், ஏதாவது ஆச்சுன்னா ஸ்கூல் பேரு என்னத்துக்காகும்? பேசாம டி.சி. வாங்கிட்டுப் போகச் சொல்லிருவோமா?"

"புள்ளையே போயிட்டா பேரை வச்சு என்ன டீச்சர் செய்ய? வாசல் ஆர்ச்சுல எழுதி மாட்டவா, சிவப்புப் பெயின்ட்ல?"

இப்படிப் பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன். அவர் டைம்டேபிளை இழுத்துப் பார்த்தார். அப்புறம், "நாளைக்கு அவங்ககூட ஆஸ்பத்திரிக்கு நீங்களும் போங்க. உங்க கிளாஸை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் இருந்த பழைய கோபத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தேன்.

தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வாசலில் அம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றார். யாரும் பார்த்துவிடக் கூடாதாம். பார்த்தால், வரிசையில் முன்னால் நிற்பது அவர்கள் தெருக்காரப் பெண். இரண்டு பேரும் திடுக்கிட்டுப் போனார்கள்.

"கண்ணு காட்டலாம்னு வந்தோம்" என்றார் அம்மா.

"நானும் கண்ணுக்குத்தான் மைனி" என்றார் அந்தப் பெண்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அங்கே இரண்டு பேர் ஆளுக்கொரு பூசணிக்காயோடு நின்றார்கள். இவள், அத்தனை நாள் சிரிக்காதவள், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்து பார்த்தேன். சிரிப்பு.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது மனச்சோர்வு, காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய், குணமாகும், மாத்திரையை நிறுத்தக் கூடாது, வீட்டில் தனியாக விடக் கூடாது, அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடா ரெண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

"டீச்சர், அவ அப்பா மாத்திரையைப் பாத்துட்டாங்க" என்று அம்மா போனில் அழுதார். "எல்லாத்தையும் தூக்கிச் சாக்கடையில போட்டுட்டாங்க. எங்க பரம்பரையிலயே கோட்டி கெடையாதுங்காங்க. இனிமே ஸ்கூலுக்கும் போவேண்டாமாம்."

வீட்டுக்குப் போன கால் அப்படியே மேலகரத்துக்குத் திரும்பியது. சுவர் முழுக்கக் காக்கியும் ராணுவப் பச்சையுமாகப் போட்டோக்கள். அப்பா அப்போதுதான் குற்றாலத்தில் அருவி டூட்டி முடித்து வந்து சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரியாதை தெரிந்த மனுஷன். முதலில் காபி கொண்டுவரச் சொன்னார். அதற்கப்புறம்தான் சண்டை.

"பாடம் நடத்துங்க டீச்சர், அதுக்குத்தான் ஒங்களுக்குச் சம்பளம். எம் புள்ளைக்குக் கோட்டின்னு பேரு கட்ட யாரு அதிகாரம் குடுத்தா?"

"கோட்டின்னு நான் சொல்லல சார். டாக்டரும் சொல்லல. இந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தான் சொல்லுதீங்க."

"நாளைக்கு நாலு பேரு பொண்ணு கேட்டு வர வேண்டாமா?"

"வாரவனுக்குக் குடுக்கப் புள்ள உசிரோட இருக்கணும்லா சார்?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். உள்அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்று எங்கள் இரண்டு பேரில் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் தோற்றுப்போனால் அவள் என்ன முடிவுக்கு வருவாள் என்பதுதான் என் பயம்.

"சார், அருவியில தண்ணி கூடுனா என்ன செய்வீங்க?" என்றேன்.

"இதென்ன கேள்வி? விசில் ஊதி ஆளை வெளியேத்துவேன்."

"ஆளை அடிச்சுட்டுப் போனப்புறமா ஊதுவீங்க?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"குளிச்சுட்டு இருக்கவன் திட்டுவாம்லா? தண்ணி நல்லாத்தான விழுது, போலீஸ்காரனுக்கு வேற சோலி இல்லையான்னு?"

"திட்டுவான்."

"அதுக்காக ஊதாம இருப்பீங்களா? நான் ஊதிட்டேன் சார். நீங்க திட்டுங்க, வாங்கிக்கிடுதேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க."

"கெளம்புங்க டீச்சர்" என்றார்.

கிளம்பினேன். வாசலில் நின்று அம்மாவிடம், "புள்ள பக்கத்துலயே படுங்க" என்றேன். அவரிடம், "நாளைக்கு இவ ஸ்கூலுக்கு வரலேன்னா சாயந்தரம் இங்கனதான் வந்து நிப்பேன். தெனமும் நிப்பேன். அதுக்கும் சரிப்படலேன்னா குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸுக்குப் போவேன். நீங்க போலீஸா இருந்தாலும் சரி, அதுக்கு மேல இருந்தாலும் சரி" என்றேன்.

மறுநாள் அவள் வரவில்லை. போய் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது, கையைக் காட்டினாள். அது போதும் என்று திரும்பினேன். அடுத்த நாளும் போனேன். எதிர்வீட்டில் திரையை விலக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என்னை ஏற்றிப் போன ஆட்டோக்காரர், "என்ன டீச்சர், பாக்கி வசூலா?" என்றார். "ஆமா, பெரிய பாக்கி" என்றேன். அன்றைக்கு அப்பாவின் பைக் உள்ளே நின்றது. வெளியே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நான் நிற்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சாரலில் நனைந்துகொண்டு கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

அதற்கடுத்த நாள் முதல் பெல் அடித்து வெகு நேரம் கழித்து அந்தப் பைக் பள்ளி வாசலில் வந்து நின்றது. பின்னால் அவள். வகுப்பு ஜன்னலில் நின்ற என்னை அப்பா பார்த்தார், பார்க்காதவர் மாதிரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரோம் டீச்சர்" என்றாள், வகுப்புக்கு வந்து. "டாக்டர்ட்ட அப்பா வாயே தொறக்கல. வெளிய வந்து, எது காலையில, எது ராத்திரின்னு மட்டும் எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று டஸ்டரைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது புளுகு. மாத்திரை மயக்கத்தில் வகுப்பிலேயே தூங்கி விழுந்தாள். ஒரு வாரம் நன்றாக இருப்பாள், அடுத்த வாரம் ஜன்னல் பக்கம் போய்விடுவாள். பரீட்சையில் மார்க் குறைந்தது. குறையட்டும் என்றேன். மார்க் அடுத்த வருடமும் கிடைக்கும். பையப் பைய சோறு உள்ளே இறங்கியது. ஒரு நாள் வகுப்பில் கை தூக்கி, நான் போர்டில் போட்ட கணக்கு தப்பு என்றாள். தப்புத்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பள்ளியிலும் கொஞ்சம் மாறியது. தலைமை ஆசிரியை சிவப்புப் போர்டைத் தானே ஆள் வைத்துக் கழற்றினார். ஷெட்டுக்கு ஒரு பழைய பெஞ்ச் போட்டுக் கொடுத்தார். பிரேயரில் மறுபடி மைக்கைப் பிடித்தபோது எனக்குத் திக்கென்றது. "பிள்ளைகளே, எந்த டீச்சர்ட்ட பேசணும்னு தோணுதோ, எப்பத் தோணுதோ, போயிப் பேசுங்க. வரிசை வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். இப்போது ஷெட் டூட்டிக்குக் கணக்கு டீச்சரும் வருகிறார். செயின் மாட்டத் தெரியாது. பிள்ளைகள்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அந்தச் சாக்கில் அவர்களுக்குப் பயமும் விட்டுவிட்டது.

குற்றாலத்தில் சீசன் முடிகிற நேரம். ஒரு சாயங்காலம் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, "செயினை நாந்தான் கழத்துனேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?" என்றாள்.

"உன் விரல்ல கிரீஸ் இருந்துச்சுலா."

வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அப்பா கேட்டாங்க, அந்த டீச்சர்ட்ட மொதல்ல எப்படித்தான் வாயைத் தொறந்தேன்னு. செயினைச் சொன்னேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்கவே இல்ல. எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அதற்குப் பிறகு ஒரு நாள், அவள் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போக லீவு போட்டிருந்தாள். பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் ஸ்பேனரைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் இருந்து யாரோ ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சை உல்லன் நூல் சுற்றிய ஹேண்டில்பார். தள்ளிக்கொண்டு வந்தவர் காக்கிப் பேன்ட்டும் மேலே சாதாரணச் சட்டையுமாக இருந்தார். அருவி டூட்டி முடித்து, வீட்டில் இருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஷெட்டுக்குள் வந்து சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டீச்சர், செயின் கழண்டுட்டு" என்றார்.

செயின் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் குனியவில்லை. அவர் வலது கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கிரீஸ்.

"எத்தனையோ சீசனா அருவியில நிக்கேன்" என்றார், செயினைப் பார்த்துக்கொண்டே. "தண்ணி அடிச்சுட்டுப் போனவங்களை நாந்தான் தூக்குவேன். சின்னப் புள்ளைகளையும் தூக்கியிருக்கேன். படுத்தா எனக்கும் தூக்கம் வரமாட்டேங்கு டீச்சர்."

அத்தனை மாதமும் அவரை சார், சார் என்றே பேசி வந்தவள் நான். பெஞ்சில் கிடந்த ஸ்பேனரையும் துணியையும் எடுத்துக் கீழே வைத்தேன்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றேன்.